பச்சைப் பட்டன்

அன்றைக்கு மோட்டார் ரூமில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சாயத்துத் தலைவர் இருந்தார். வாசற்படியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அவரோடு வந்த கிளார்க் இருந்தார். உட்கார இடமில்லாமல் குடையை ஊன்றி நின்றார். வயர்மேன் இருந்தார். சின்னப்பொண்ணு இருந்தாள், இடுப்பில் காலிக் குடம். எனக்கு மருமகள் முறை, மாமா என்று கூப்பிடுவாள். அவளுடைய மாமியார் இருந்தார். நான் இருந்தேன், கையில் பியூஸ் கட்டை. அந்த அம்மா இருந்தார். தரையில் சாக்கு விரித்து, சுவரில் மாட்டின பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டு.

அந்த அம்மாவின் பேர் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. ஊரில் டப்பாக்காரம்மா என்றார்கள். நாமக்கல் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் மோட்டாரைத் தானாக ஓடவும் நிற்கவும் வைக்கிற பெட்டி செய்தார்கள். அதை மாட்ட வருவதும் கோளாறு பார்க்க வருவதும் அவர்தான். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு ஒயர் கூடை வைத்திருப்பார். அதில் ஸ்கூட்டர் பேட்டரி, டவலில் சுற்றிய பழைய லேப்டாப், டிபன் பாக்ஸ். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி பஸ் மலை ஏறும்போது அத்தனை வளைவுக்கும் கூடையை மடியில் வைத்திருப்பார். பேட்டரித் தண்ணீர் சிந்தி, சேலையில் மடிப் பக்கம் மட்டும் பொத்தல் பொத்தலாக இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்த புதிது அது. எங்கள் ஊர் மலை மேலே எடப்புளி நாட்டில் இருக்கிறது. ஓடைக் கிணற்றிலிருந்து மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற வேண்டும். மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது ஓடிப் போய் மோட்டார் போட ஓர் ஆள். அது நான். நாலாவதோடு நின்றவனுக்குப் பஞ்சாயத்துச் சம்பளம் பெரிது. கிழங்குக் காட்டுக் கூலி மழை பெய்தால் இல்லை. இது மழை பெய்தாலும் உண்டு. எனக்குப் பெண் கொடுத்ததே அதைப் பார்த்துத்தான்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எதையும் கழட்ட மாட்டார்.

செருப்பு வார் அறுந்தால், செருப்பு காலில் இருக்கும்போதே குனிந்து ஊக்குக் குத்துவார். ஒரு தடவை மலைப் பாதையில் பஸ்ஸின் ஹாரன் போய்விட்டது. ஹாரன் இல்லாமல் வளைவு திரும்ப முடியாது. டிரைவர் முன்பக்கத் தகட்டைக் கழட்ட ஸ்குரூ டிரைவர் தேடினாராம். இந்த அம்மா எழுந்து போய், தகட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, எதையோ முறுக்கிவிட்டார். ஹாரன் அடித்தது. டிரைவரைச் சீட்டை விட்டுக்கூட எழுப்பவில்லை.

"கழட்டுனா நாலு போல்ட்டுல ஒன்னு காணாமப் போகுமுங்க. அப்பறம் காலத்துக்கும் கடகடன்னு கெடக்கும்."

அந்த அம்மா சொன்னதாக இதைச் சொன்னது பஸ் கண்டக்டர். அந்த அம்மா மாதிரியே கையை ஆட்டிச் சொல்லிக் காட்டுவார்.

குளவி விஷயம் நானே பார்த்தது. அளவெடுக்க வந்தபோதே காலிப் பெட்டியை மட்டும் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்; மறுபடி வருவதற்குள் மூடியின் உள்பக்கத்தில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. நான் தட்டிவிடப் போனேன். வேண்டாம் என்றார். கூடு மூடியில்தானே இருக்கிறது, போர்டில் இல்லையே என்றார். ஒயரைக் கூட்டுக்கு இடம் விட்டு வளைத்துக் கட்டினார். அவர் வேலை செய்த நேரம் முழுக்கக் குளவி அவர் கைக்கு மேலேயே போய் வந்துகொண்டிருந்தது. கொட்டவில்லை.

பெட்டியின் மூளை ஒரு கறுப்புச் சில்லு. எறும்புக்கு இருப்பது மாதிரி கால்கள். எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கிறதாம். எழுத்து எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் எழுத்துக் கூட்டித்தான் படித்திருப்பேன். முன்பெல்லாம் எழுதினதில் ஒரு சின்ன மாற்றம் என்றாலும் சில்லை நோண்டி எடுத்து, கீழே கொண்டு போய் எழுதி, மறுபடி மலை ஏறி வந்து சொருக வேண்டும். மலை ஈரத்தில் கால்கள் துருப்பிடித்திருக்கும். எடுக்கும்போதே ஒடியும். ஒடித்திருக்கிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு முகம் சுருங்கும்.

இந்தப் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. போர்டின் மூலையில் சீப்புப் பல் மாதிரி ஐந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒயரைச் சொருகினால் போதும். லேப்டாப்பில் தட்டியது சில்லுக்குள் ஏறிவிடும். பழையது அழியும். சில்லு இருந்த இடத்திலேயே இருக்கும். ஈயம் பற்றவைத்து, சுவரில் மாட்டி, எல்லாம் முடிந்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

அதில் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். உள்ளே எழுத்து ஏறும்போது, மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற ரிலே டக் டக் என்று துடிக்கும். மோட்டாரை ஓடவிட்டாலும் விட்டுவிடும். அதனால் முதலில் மோட்டார் பியூஸைப் பிடுங்க வேண்டும்.

"புடுங்கிக் கீழ வெச்சராதீங்க தம்பி. கையிலயே வெச்சிருங்க. தண்ணி வரலீன்னு எவனாச்சும் வந்து சொருகிப்போடுவான்."

எங்கோ ஓர் ஊரில் அப்படிச் சொருகி, வறண்ட கிணற்றில் மோட்டார் ஓடிப் புகைந்துவிட்டதாம். அதனால் அவர் எழுதுகிற நேரமெல்லாம் கட்டை என் கையில்தான் இருக்கும்.

அன்று காலையிலேயே பெட்டி வேலையை முடித்துவிட்டோம். நானும் அவரும் மட்டும் இருந்தோம். கரண்ட் வந்தது. யாரும் எதையும் தொடவில்லை. பெட்டிக்குள் டக் என்றது. மோட்டார் எடுத்தது. மேட்டில் தொட்டி நிறைந்ததும் தானாக நின்றது. கிணற்றில் தண்ணீர் இறங்கினாலும் நிற்கும், அதற்கும் ஒரு கம்பி விட்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா தம்பி. இனி நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது. என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். குழந்தை உண்டா என்றார். வீட்டில் முழுகாமல் இருக்கிறாள் என்றேன். கறிவேப்பிலையை ஒதுக்கி ஒதுக்கித் தயிர்ச் சோறு சாப்பிட்டார்.

மத்தியானம் வோல்டேஜ் இறங்கியது. எந்த வோல்டேஜ் வரை மோட்டார் ஓடலாம் என்கிற அளவை மலைக்குத் தக்கபடி மாற்ற மறுபடி ஒயரைச் சொருகினார். நான் பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் தலைவர் வந்தார். முதலில் சொன்ன மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

தலைவர் கெட்டவர் இல்லை. பெட்டியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்திலேயே சொன்னார்.

"அப்பறம் என்ன கண்ணு, உனக்கு லீவுதான். தானா ஓடற மோட்டாருக்கு ஆளெதுக்கு? ஒன்னாந் தேதியில இருந்து காட்டு வேலையப் பாரு."

கிளார்க் தலையாட்டினார். வயர்மேன் தரையைப் பார்த்தார். சின்னப்பொண்ணு என்னைப் பார்த்துவிட்டுக் குடத்தைப் பார்த்தாள். என் கையில் கட்டை வியர்வையில் வழுக்கியது. கீழே வைக்கலாமா என்று தோன்றியது. வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

அந்த அம்மா திரும்பாமலே பேசினார்.

"ஆளு வேணுமுங்க தலைவரே."

"தானா ஓடும்னீங்களே?"

"நிக்கறது தானா நிக்குமுங்க. எடுக்கறதுக்கு ஆளு வேணும். கெணத்துல சருகு அடச்சிருக்குதா, பைப்பு ஒடஞ்சிருக்குதான்னு பாத்துப்போட்டு, இந்தப் பச்சப் பட்டன அமுத்தோணும். அப்பத்தான் ஓடும்."

பச்சைப் பட்டன் பெட்டியின் முகப்பில் முன்பே இருந்தது. சோதித்துப் பார்க்க வைத்தது. காலையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. அது எனக்குத் தெரியும்.

லேப்டாப்பில் தட்டினார். ஒரே விரலால் தட்டுவதுதான் பழக்கம். அன்று தட்டியதை இரண்டு தடவை அழித்துத் தட்டினார். பக்கத்தில் நின்றதால் நான் பார்த்தேன். பிறகு ஒயரை உருவினார். பியூஸைப் போடச் சொன்னார். போட்டேன். கரண்ட் இருந்தது. தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தது. மோட்டார் எடுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அமுத்தினேன். எடுத்தது.

"அப்ப இவன் இல்லாம ஆகாதுங்கறீங்க" என்றார் தலைவர்.

"ஆகாதுங்க."

சின்னப்பொண்ணுதான் சொன்னாள். "இதை அமுத்தறதுக்கு ஒரு ஆளாக்கும்? எங்க ஊட்டு ஆட்டுக்குட்டி அமுத்துமே."

அவள் மாமியார் பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பட்டன் மாமா என்று பேர். குழந்தைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. அதற்கு முன் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் தடவை அளவெடுக்க வந்தபோது, தலைவர் வீட்டுக்குப் போகிற பைப் தொட்டிக்கு முன்னாலேயே பிரிகிறது, அதனால்தான் மேலே தண்ணீர் ஏற மாட்டேன் என்கிறது என்று ஊர் முன்னால் தலைவரிடமே சொன்னவர். தலைவர் முகம் கறுத்துப் போனது. அப்படிப்பட்டவர் எனக்காக ஒரு பொய் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் அதை எழுதியும் வைத்தார்.

நான் பெரிய கும்பிடு போட்டிருக்கலாம். இல்லை, வேண்டாம் என்றிருக்கலாம். பியூஸ் கட்டை பிடித்த கையை வேட்டியில் துடைத்தேன்.

சம்பளம் வந்தது. கரண்ட் வந்தால் ஓடிப் போய் அமுத்தினேன். அமுத்தும்போதெல்லாம் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆடிக் காற்றில் காய்ச்சல் கண்டு ஒரு நாள் விழுந்துவிட்டேன். கரண்ட் காலையில் வந்து மத்தியானம் போனது. அவ்வளவு நேரமும் பெட்டி பட்டனுக்காகக் காத்துக்கொண்டு இருந்தது. மனைவியால் அந்தச் சரிவில் இறங்க முடியாது, மாதம் ஏறியிருந்தது. ஊரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சின்னப்பொண்ணின் குழந்தை வயிற்றுப்போக்கில் கிடந்தது. அவள் ஓடைக்கு இறங்கி இறங்கி ஏறினாள். சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒடம்பு எப்படி இருக்குது மாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

திட்டியிருக்கலாம். பெட்டி முதல் நாள் காலையில் ஓடின மாதிரியே இருந்திருந்தால் அவள் ஓடைக்கு இறங்கியிருக்க வேண்டியதில்லை. அது எனக்குத் தெரியும். கீழே ஓர் அம்மாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. காய்ச்சல் விட்டதும் செம்மேட்டுக்கு நடந்து போய், பூத்திலிருந்து பட்டறைக்குப் போன் போட்டேன். பெட்டி கோளாறு என்றேன். மறுநாள் பஸ்ஸில் வந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்ன கோளாறு என்று கேட்டார்.

"கோளாறு ஒன்னுமில்லீங்கம்மா. அந்தப் பட்டன எடுத்துருங்க. தானா ஓடட்டும்."

"நீங்க?"

"காட்டு வேல இருக்குதுங்க."

அவர் மூடியைத் திறந்து குளவிக் கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். காய்ச்சலன்று நடந்ததைச் சொன்னேன். குழந்தையைப் பற்றியும் சொன்னேன். அவர் தலை குனிந்துவிட்டது.

"வெக்கமா இருக்குதுங்களா தம்பி?"

"ஆமாங்க."

"எனக்குந்தான். அன்னிக்கி ஊட்டுக்குப் போயிச் சோறு எறங்கல."

பியூஸைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். பேட்டரியில் கிளிப்பை மாட்டி, ஐந்து கம்பியில் ஒயரைச் சொருகி, தட்ட ஆரம்பித்தார். இந்தத் தடவை எதையும் அழித்துத் தட்டவில்லை. நடுவில் கரண்ட் போனது. பேட்டரி இருந்ததால் எழுத்து நிற்கவில்லை. முடித்துவிட்டுச் சொன்னார். கரண்ட் வந்தால் பெட்டி எனக்காகப் பத்து நிமிடம் பார்க்கும். நான் வந்து அமுத்தினால் ஓடும். வரவில்லை என்றால் தானாக எடுத்துக்கொள்ளும். இனிமேல் யாருக்கும் தண்ணீர் நிற்காது.

"அப்ப நான் எதுக்குங்க?"

"சருகு பாக்க." கூடையில் சாமானை அடுக்கிக்கொண்டே சொன்னார். "நீங்க வராம அதுவா எடுத்துக்கற நாள மட்டும் உள்ள எண்ணி வெச்சுக்கும். கரண்ட் போனாலும் அழியாது. பட்டன விடாம அமுத்திப் புடிச்சீங்கன்னா செவப்பு வெளக்கு அத்தன தடவ மின்னும். கொறச்சலா மின்னுச்சுன்னா நீங்க வெக்கப்பட வேண்டியதில்ல. நெறைய மின்னுச்சுன்னா பட்டுக்கங்க."

எடுக்கச் சொல்லித்தான் கூப்பிட்டேன். எடுக்காமல் போய்விட்டார். அவருக்கு எதையும் எடுக்க வராது. என்னையும் சேர்த்து.

அதற்குப் பிறகு தினமும் கிணற்றில் இறங்கிச் சருகு அள்ளினேன். அவர் சொன்ன பொய்யை என்னால் முடிந்த அளவு மெய்யாக்கப் பார்த்தேன். குடியிருந்த வீட்டை விட்டு, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஓடு போட்டு ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டேன். அட்டைக் கடியிலும் ஓடை ஈரத்திலும் என்ன குடித்தனம் என்று மனைவி சண்டை போட்டாள். பத்து நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நான் இல்லாத நேரம் பெட்டியைத் தொடாதே என்று மட்டும் சொல்லிவைத்தேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. மாமனார் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார். ஊரில் என்னை வேலையில் கெட்டி என்றார்கள். அதைக் கேட்கும்போது தரையைப் பார்ப்பேன்.

எப்போதும் முடிந்ததா என்றால் இல்லை. மகன் பிறந்த அன்று சேந்தமங்கலம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஓர் ஐப்பசியில் வளைவில் பாறை உருண்டு பஸ் நின்றுவிட்டது. இருட்டின பிறகுதான் நடந்து வந்து சேர்ந்தேன். இரண்டு தடவையும் தொட்டி நிறைந்திருந்தது.

அந்த அம்மா அப்புறமும் வந்தார். ரிலே தேய்ந்தது என்று ஒரு தடவை, இடி விழுந்தது என்று ஒரு தடவை. என் முகத்தைப் பார்க்க மாட்டார். நானும் பார்க்க மாட்டேன். சருகு இருந்ததா என்பார். இருந்தது என்பேன். அவ்வளவுதான் பேச்சு. எண்ணிக்கையைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. அவர் நினைத்தால் ஒயரைச் சொருகிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

நானும் பார்க்கவில்லை. பச்சைப் பட்டனைத் தொட்ட உடனே கையை எடுத்துவிடுவேன். ஒரு கண நேரம் கூடுதலாக அமுத்தினால் சிவப்பு மின்னிவிடுமோ என்று பயம்.

ஒரு நாள் கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து சொன்னார். டப்பாக்காரம்மா போய்விட்டாராம். வயிற்றில் ஏதோ கட்டி. மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அவருடைய தம்பி நின்றிருந்தார். யார் என்று கேட்டார். மலையிலிருந்து வருகிறேன், மோட்டார் ரூம் ஆள் என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டன்காரருங்களா? அக்கா சொல்லுமுங்க. மேல ஒருத்தர் இருக்கறாரு, அவர் அமுத்துனாத்தான் அந்த ஊருக்கே தண்ணின்னு."

வீட்டில்கூட அதை மாற்றிச் சொல்லவில்லை அவர். காப்பி கொடுத்தார்கள். டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். சுவர் ஆணியில் ஒயர் கூடை தொங்கியது.

சாயங்காலம் ஊர் திரும்பினேன். தொட்டி நிறைந்திருந்தது. பெண்கள் தண்ணீர் பிடித்துப் போயிருந்தார்கள். நான் ஊரில் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச காலம் கழித்துப் புதுத் திட்டம் வந்தது. வேறு கிணறு, பெரிய தொட்டி, வேறு பெட்டி. எனக்கும் அங்கேயே மோட்டார் பார்க்கிற வேலை என்றார்கள். பழைய பெட்டியை இறக்க ஓர் ஆளை அனுப்பியிருந்தார்கள். அவன் ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றான்.

"ஏனுங்க, கழட்டிரலாமுங்களா?"

கொஞ்சம் இருக்கச் சொன்னேன். மூடியைத் திறந்தேன். குளவி எப்போதோ போய்விட்டது. மண்கூடு காய்ந்து அப்படியே இருந்தது. ஒயர் அதைச் சுற்றி வளைந்து போனது. மூடினேன். கையை வேட்டியில் துடைத்தேன். பச்சைப் பட்டனை அமுத்தினேன். கையை எடுக்கவில்லை.

சிவப்பு மின்னியது. எண்ணினேன். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று.